ஊட்டச்சத்து வகுப்புக்கு மூன்றாவது வாரமே ஆள் இல்லை, பெரியவர்களுக்கு என்னதான் சொல்லிக் கொடுப்பது?

நொய்யல்கரைக்காரி:

வணக்கமுங்க. காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். மகளிர் குழுவில் ஊக்குநராக இருக்கிறேன். குழுவில் 14 பேர், அதில் ஆறு பேருக்குச் சர்க்கரை, நாலு பேருக்குப் பிரஷர், மீதிப் பேர் இன்னும் பார்க்கவே இல்லை. அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாசாமாசம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, எல்லாரும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்கள், அதைப் போட்டுவிட்டு அதே மூணு கரண்டி சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். மாத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன என்கிற நினைப்பு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குக் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஒரு சாப்பாட்டு வகுப்பு வைக்கலாம் என்று ஆரம்பித்தோம். முதல் வாரம் 31 பேர். (சத்துணவு வகுப்பு என்று யாரோ சொல்லிவிட, ஒரு ஆத்தா "முட்டை போடுவீங்களா கண்ணு" என்று வட்டலோடு வந்துவிட்டார்.) எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் உணவு அறிவியல் படிக்கிறாள், அவளை வரச் சொல்லியிருந்தோம். சுவரில் படம் போட்டு நன்றாகத்தான் சொன்னாள். கார்போஹைட்ரேட், கலோரி, கிளைசீமிக் இண்டெக்ஸ், ஓட்ஸ், ஆலிவ் ஆயில். "ஓட்ஸ் எந்தத் தோட்டத்தில் வெளையுது?" என்று ஒரு பெரியம்மா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பாவம் அவளுக்கு முகம் சுருங்கிப்போச்சு. இரண்டாவது வாரம் 19. போன வாரம் எட்டே பேர், அதிலும் மூன்று பேர் கரண்ட் இல்லை என்று வேப்பமரத்துக் காற்றுக்கு வந்தவர்கள்.

நீங்கள் யாராவது இந்த மாதிரி வகுப்பு நடத்தியோ, போய் உட்கார்ந்தோ இருக்கிறீர்களா? போனதால் வீட்டுச் சாப்பாட்டில் ஏதாவது ஒன்று நிஜமாகவே மாறியதா? மாறியிருந்தால் அந்த ஒன்று என்ன என்று மட்டும் சொல்லுங்க. யூடியூபில் வருவதைச் சொல்ல வேண்டாம், அதை எங்கள் ஊரில் எல்லாரும் பார்த்தாச்சு.

தறிச்சத்தம்:

முதலில் நேரத்தை மாற்றுங்க. ஞாயிறு 11 மணிக்குக் கறி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும், அந்நேரத்தில் வந்து கீரை சாப்பிடுங்க என்றால் எவன் வருவான்.

நான் குமாரபாளையம். தறிக்குடோனில் 12 மணி நேர ஷிப்ட். எங்கள் தெருவில் ஒரு கிளினிக்காரர்கள் ஆறு வாரம் இந்த மாதிரி நடத்தினார்கள், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், குடோன் வாசலிலேயே. வீட்டுக்காரி தொல்லை தாங்காமல் போய் நின்றேன். அஞ்சு வாரம் சொன்னது எதுவும் ஞாபகம் இல்லை. ஒரே ஒரு வாரம் மட்டும் மறக்கவில்லை.

அந்த வாரம் வந்த அம்மா, நேற்று எத்தனை டீ குடித்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். நான் நாலு என்றேன். பக்கத்தில் நின்ற பேக்கரிக்கடைப் பையன் சிரித்துவிட்டு "அண்ணனுக்கு ஏழுங்க, கணக்கு நோட்டுல இருக்கு" என்றான். ஏழு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம். ஒரு நாளைக்கு 70 கிராம், மாசத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல். அந்த அம்மா பையிலிருந்து இரண்டு கிலோ சக்கரைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து "இது போன மாசம் நீங்க குடிச்சதுங்க" என்றார்கள். தேங்காய் பன், பப்ஸ் கணக்கெல்லாம் தனி. கையில் அந்தக் கனத்தோடு நின்றேன் பாருங்க, அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது மூன்று டீ, அரைச் சக்கரை. முதல் பத்து நாள் தலைவலி, வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். இப்போது பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. அரிசியைக் குறைத்தேனா என்று கேட்காதீங்க, அது முடியவில்லை.

ஈரோட்டு உணவியலாளர்:

அக்கா, நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் சொந்தக்காரப் பெண் செய்த அதே தப்பை நானும் முதல் இரண்டு வருசம் செய்திருக்கிறேன், அதனால் அவளைக் கடிந்துகொள்ளாதீங்க. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது சத்தின் பெயர். வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது கரண்டியின் அளவு.

தறிச்சத்தம் அண்ணன் சொன்னதில்தான் விசயம் இருக்கிறது. அறிவுரை சொல்லாதீங்க, அளந்து காட்டுங்க. நான் இப்போதெல்லாம் எந்த ஊர் வகுப்பிலும் இரண்டே கேள்வியில் ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர், மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய்? ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?

கணக்கு இதுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு எண்ணெய் 27 கிராம். மாசத்துக்குச் சுமார் 800 கிராம், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவு. நாலு பேர் இருந்தால் மூன்றரை லிட்டர். சர்க்கரை, கொழுப்பு இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாசம் அரை லிட்டர் போதும் என்றுகூட மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் ஊர் காங்கயம் பக்கம் என்பதால் கட்டாயம் ஒருவர் எழுந்து "நாங்க செக்கு எண்ணெய்தானுங்க" என்பார். செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான், ருசியும் மணமும் வேறு. உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மிக்சரில் இருக்கிற உப்பும் இந்த 5 கிராமுக்குள்தான் அடக்கம் என்பதால், நிஜத்தில் 50 நாளுக்கும் மேலே வரணும். எனக்குத் தெரிந்து பல வீடுகளில் ஒரு மாசம்கூட வருவதில்லை.

அப்புறம் சோறு. "சோற்றைக் குறைங்க" என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நம் ஊரில் அது பட்டினி போடுகிற மாதிரி. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்குகிற நம் அரிசிம்பருப்பை எடுத்துக்கொள்ளுங்க. அதே வழிகாட்டியில் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு என்று போட்டால் அந்தக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் இன்றைக்குப் பல வீடுகளில் அஞ்சுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்றுதான் விழுகிறது, பருப்பு விலை அப்படி. கூடவே வட்டலில் பாதி இடத்துக்குக் காயும் கீரையும் வரட்டும், சோறு தானாகவே குறையும். காயை முதலில் போட்டுவிட்டு அப்புறம் சோறு போடச் சொல்லுங்க, இந்த வரிசைதான் முக்கியம். சோறு போட்ட பிறகு காய்க்கு இடம் ஓரத்தில்தான் கிடைக்கும்.

ராகியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரம் நாலு பேராவது இதில் ஏமாந்து வருகிறார்கள். ராகி நல்லதுதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ராகியிலும் 100 கிராமுக்கு எழுபது கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. சர்க்கரை இருக்கிறவர் ராகி என்று நம்பி இரண்டு சொம்பு கூழ் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாட்டுச்சக்கரையும் அப்படியே. கவுந்தப்பாடிச் சக்கரையாக இருந்தாலும் ரத்தத்துக்கு அது சக்கரைதான்.

இன்னொன்றும் உண்டு, இதை விட்டுவிடாதீங்க. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வகுப்பு கேட்ட ஜோரில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கி விழுந்துவிடக்கூடும். சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் மாத்திரை கொடுக்க வருகிறவரிடமோ மருத்துவரிடமோ சொல்லச் சொல்லுங்க. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு உங்கள் வகுப்பு பொருந்தாது, சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, அது அவர்களுக்கு ஆபத்து. அவர்களை நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுங்க.

கவலை ஓட்டினவன்:

உடுமலைப் பக்கம், வயது 71. இத்தனை அளவும் கணக்கும் எதற்குங்க? எங்கள் அப்பாரு காலத்தில் காலையில் கம்மஞ்சோறும் மோரும், ராத்திரி களியும் கொள்ளுப்பருப்பும். எந்த ஹைதராபாத்துக்காரன் வந்து சொன்னான்? யாருக்கும் சர்க்கரை கிடையாது. பழையபடி சாப்பிட்டாலே போதும், வகுப்பு வேண்டியதில்லை.

ஈரோட்டு உணவியலாளர்:

ஐயா, கொள்ளுப்பருப்புக்கு நான் எதிரி இல்லைங்க, கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம். ஆனால் உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. விடிகாலையில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த உடம்புக்கு நாலு உருண்டை களி தாங்கும். இப்போது தோட்டத்து மோட்டாரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே செல்போனில் போடுகிறோம், வட்டல் மட்டும் அதே வட்டல். அந்தக் காலத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கிறது.

ஹைதராபாத்துக்காரன் என்றீர்களே, அந்த நிறுவனம் பிறந்ததே நம் மலையில்தான். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் ஆரம்பித்தது, 1958-ல்தான் ஹைதராபாத் போனது. அங்கே இருந்த மெக்கரிசன் என்ற வெள்ளைக்காரர், இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், காய்கறி தின்ற பஞ்சாப் பக்கத்து எலி நன்றாக வளர்ந்தது. அரிசியையே பெரிதாக நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிதான் கடைசி. நூறு வருசம் ஆகப்போகிறது, நாம் இன்னும் அந்தக் கடைசி எலி மாதிரிதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கவலை ஓட்டினவன்:

எலி கதை நல்லாத்தான் இருக்குதுங்கம்மிணி. மோர் குடித்ததை மட்டும் நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை, அதுவரைக்கும் சரி.

செக்கிங் டேபிள்:

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள், காசைப் பற்றி யாரும் பேசவில்லை. ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்தான், ஆனால் அது கார்டுக்கு மாசம் ஒரே கிலோ. அஞ்சு பேர் இருக்கிற வீட்டில் மூன்றுக்கு ஒன்று என்று போட்டால் அந்த ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வரும்? மீதிக்குக் கடை விலைதான். எங்கள் வட்டலில் சோறு மலையாக இருப்பது ஆசைப்பட்டு இல்லைங்க, அது ஒன்றுதான் சும்மா கிடைக்கிறது.

அதனால் வகுப்பில் விலையையும் சேர்த்துச் சொல்லுங்க. எங்கள் லைன் வீட்டில் நாங்கள் அஞ்சு குடும்பம் சேர்ந்து செய்வதைச் சொல்கிறேன். உழவர் சந்தை முடிகிற நேரத்துக்கு ஒரு ஆள் போவது, அப்போது காய் மலிவாகக் கிடைக்கும், வாங்கி வந்து பிரித்துக்கொள்வோம். துவரம்பருப்பு தீர்ந்தால் தட்டப்பயிறு, கொள்ளு, பச்சைப்பயிறு கடைசல். முருங்கைக்கீரைக்குக் காசே கிடையாது, பக்கத்துச் சந்தில் மரம் நிற்கிறது, உருவிக்கொண்டு வந்து ஆய்கிற நேரம்தான் செலவு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று எங்கள் கம்பெனிக்கு வந்த நர்ஸ் சொன்னார், அதிலிருந்து சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் விடுகிறேன், கீரையில் எலுமிச்சை பிழிகிறேன். எனக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) எட்டுதான் இருந்தது. நம் நாட்டில் பாதிக்கும் மேல் பொம்பளைகளுக்கு ரத்தசோகை என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது, உங்கள் குழுவில் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடாதீங்க.

கடைசியாக ஒன்று. உங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் மருமகள்கள் என்றால் வீட்டில் ஒன்றும் நடக்காது. நான் உப்பைக் குறைத்த அன்றைக்கே மாமியார் "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே டப்பாவைத் திறந்து சோற்றில் தூவிக்கொண்டார். அப்புறம் நானே வேலையை மாற்றினேன். யாருக்கும் சொல்லாமல் வாரத்துக்கு ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாகக் குறைத்தேன். மூன்று மாசம் ஆச்சு, இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நொய்யல்கரைக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு வாரம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேரத்தை வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மாற்றினோம், நூறு நாள் வேலை விட்டு வருகிற வழி. தூக்குப்போசியோடு அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சுவர்ப் படம் கிடையாது. முதல் வாரம் எல்லாரையும் வீட்டில் தாளிக்கிற கரண்டியை எடுத்துவரச் சொன்னேன். ஒரு குண்டாவில் தண்ணீர், ஒரு டம்ளர், என் பையனுடைய இருமல் மருந்து பாட்டிலின் பத்து மில்லி மூடி, இவ்வளவுதான் சாமான். "தண்ணியை எண்ணெய்ன்னு நினைச்சுக்குங்க, ஒரு பொரியலுக்கு ஊத்தற மாதிரி டம்ளர்ல ஊத்துங்க" என்றேன். டம்ளரில் விழுந்ததை மூடியால் அளந்தோம்.

ஓட்ஸ் எந்தத் தோட்டத்தில் விளைகிறது என்று கேட்டாரே, அதே பெரியம்மாதான் முதலில் வந்தார். "நான் எண்ணெயே ஊத்தறதில்ல, கொஞ்சூண்டு காட்டறதுதான்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். நாலரை மூடி. 45 மில்லி, ஒரு பொரியலுக்கு, மூன்று பேர் இருக்கிற வீட்டில். மண்டபமே சிரித்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, மூடியை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார், மறுபடியும் அவரே ஊற்றி அளந்தார். இந்தத் தடவை கையை இறுக்கிப் பிடித்தும் மூன்று மூடிக்குக் குறையவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் விடாமல் அளக்க வரிசையில் நின்றார்கள். சத்தியமாக, இந்த ஒரு மணி நேரத்தில் நான் அறிவுரை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எண்ணெய்ப் பாக்கெட்டும் உப்புப் பாக்கெட்டும் பிரிக்கிற நாளைத் தினசரி காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லியிருந்தேன். பதினாறு வீட்டில் ஒன்பது வீடு குறித்திருக்கிறது. நாலு பேர் இருக்கிற ஒரு வீட்டில், உப்புப் பிரித்துப் பதினேழு நாள்தான் ஆகிறது, அதற்குள் முக்கால் பாக்கெட் காலி. மாங்காய் ஊறுகாய் போட்டோம், அதுதான் என்கிறார்கள். சரி, அடுத்த பாக்கெட்டைப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ரத்தம் பார்ப்பதற்கும் சொல்லியாச்சு, அடுத்த வாரம் செவிலியர் வருகிறார். செக்கிங் டேபிள் அக்கா சொன்னதுதான் அதற்குக் காரணம்.

போன வியாழன் மண்டபத்திலேயே அரிசிம்பருப்பு செய்தோம், மூன்றுக்கு ஒன்று, கூட முருங்கைக்கீரைப் பொரியல், தட்டப்பயிறு. ஆளுக்கு 12 ரூபாய் வசூல். காயை முதலில் போட்டோம், சோறு அப்புறம். தண்ணீர் அளவு தப்பி அரிசிம்பருப்பு கொஞ்சம் குழைந்துவிட்டது, ஆனாலும் மிஞ்சவில்லை. பூண்டும் சீரகமும் தாளித்த வாசத்துக்கு, டீக்கடையில் பழமை பேசிக்கொண்டிருந்த ஆம்பளைகள் ஏழு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரமாகக் கூப்பிட்டும் வராத என் வீட்டுக்காரரும் அதில் ஒருத்தர். எல்லாருக்கும் பரிமாறி முடிக்கிறேன், எங்கள் பெரியப்பா வட்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாஞ் சரி அம்மிணி, நெய் எங்கே?"

இருமல் மருந்து மூடியில் அரை மூடி ஊற்றினேன். அடுத்த வாரமும் வருகிறேன் என்றிருக்கிறார்.

ஈரோட்டுத் தங்கச்சி, ஆம்பளைகள் வருகிறார்கள் என்பதால் அடுத்து டீக் கணக்கை எடுக்கலாம் என்று இருக்கிறேன், டீக்கடைக்காரரிடம் நோட்டு கேட்டாச்சு. சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரி எங்கள் பக்கத்துப் பலகாரம்) தேங்காய்ப்பாலும் நாட்டுச்சக்கரையும் எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று நாலு பேர் கேட்கிறார்கள், அதற்கு மட்டும் ஒரு கணக்கு எழுதிப் போடுங்க.